அம்பாசிடர், பத்மினி: ஓட்ட எது, வைத்துக்கொள்ள எது?

பழைய கார் ஒன்று வாங்கி நிஜமாகவே ஓட்ட வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரித்த அம்பாசிடர். இன்னொன்று, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பத்மினி. 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, எழுபதுகளின் நடுவில் பத்மினியாகி, 2000-ஐ ஒட்டித் தயாரிப்பு நின்ற வண்டி. மெக்கானிக் ஷெட்டில் அது இன்றும் ஃபியட்தான் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அது ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வெளியே எடுக்கிற கார். இங்கே பேச்சு, வாரத்தில் நாலு நாள் சாவி போடுகிற காரைப் பற்றி.

ஒப்பிடுவது பெட்ரோல் வண்டிகளை மட்டும்: மார்க் 2 முதல் நோவா வரை வந்த 1489 சி.சி. அம்பாசிடர், 1089 சி.சி. ஃபியட். டீசலைப் பற்றி ஒரே வரி: 37 பி.எச்.பி. அம்பாசிடர் டீசல் பொறுமைசாலிகளுக்கு, 1366 சி.சி. எஞ்சின் வைத்த பத்மினி 137டி-க்கு எஞ்சின் சாமான் தேடி அலைய நேரம் இருப்பவர்களுக்கு.

எண்களில் சமம், சாலையில் இல்லை

அம்பாசிடரில் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ் எஞ்சின். போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 88.9 மி.மீ., சுமார் 50 பி.எச்.பி. வண்டியின் எடை 1,100 கிலோவுக்கு மேல். ஃபியட்டில் போர் 68, ஸ்ட்ரோக் 75, சுமார் 40 பி.எச்.பி., எடை 895 கிலோ. வகுத்துப் பார்த்தால் இரண்டுமே டன்னுக்கு 45 பி.எச்.பி.யை ஒட்டித்தான் வரும். ஆனால் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர் யாரும் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டார்.

காரணம் அந்த ஸ்ட்ரோக்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அம்பாசிடரின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது; ஃபியட்டில் அது 10 மீட்டர். அம்பாசிடரின் கிராங்க் மூன்றே மெயின் பேரிங்கில் சுற்றுவது. அதனால் அந்த எஞ்சினை முறுக்கினால் அது முனகும், நடுங்கும், எண்ணெய் குடிக்கும். ஆனால் கீழ் சுற்றில் அதன் இழுவை தனி. ஐந்து ஆள், டிக்கி நிறையச் சாமான், மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகம், எதிரே மேம்பாலம் என்று இருந்தாலும் கியரை மாற்றாமல் ஏறிவிடும். ஃபியட் அந்த இடத்தில் இரண்டாவது கியர் கேட்கும். கொடுத்துவிட்டால் உற்சாகமாக ஏறும். கொடுக்காமல் பிடிவாதம் பிடித்தால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

நெடுஞ்சாலையில் கதை திரும்புகிறது. நல்ல நிலையில் உள்ள ஃபியட் 80 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்கில் அலுக்காமல் போகும். அம்பாசிடருக்கு 70-தான் சுகம். 85-ஐத் தாண்டினால் எஞ்சின் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து பேச்சை நிறுத்திவிடும். இரண்டும் 100-ஐத் தொடும் என்பது உண்மைதான். தொட்ட பிறகு நிறுத்த வேண்டுமே.

இரண்டிலும் நாலு சக்கரமும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. முக்கியமாக, பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஹைட்ராலிக் வட்டம். ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் போனாலும் மொத்த பெடலும் தரைக்குப் போய்விடும். ஆகவே வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பெயிண்ட் அல்ல. மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர் கப்புகள், மூன்று ஃபிளெக்ஸிபிள் ஹோஸ், புதிய பிரேக் ஆயில் என அத்தனையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். ஈரம் இழுத்த பழைய ஆயில்தான் சிலிண்டரை உள்ளே துருப்பிடிக்க வைத்து ரப்பரைக் கிழிக்கிறது. அம்பாசிடரின் முன் சக்கரத்தில் ஆளுக்கு இரண்டு சிலிண்டர். முன்னோக்கிப் போகும்போது இரண்டு ஷூவும் டிரம்மோடு சேர்ந்து இழுபட்டுப் பிடிப்பதால் பிரேக் நன்றாகவே இருக்கும். அதே காரணத்தால் ஏற்றத்தில் நின்று வண்டி பின்னால் உருளும்போது பிடிப்பு பாதியாகிவிடும். மலைப்பாதையில் ஹேண்ட்பிரேக் இல்லாத அம்பாசிடரோடு நிற்பது விளையாட்டல்ல. வாங்கும்போதே ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டுக் காலை எடுத்துப் பாருங்கள்.

எடை குறைவு என்பதால் ஃபியட் குறைந்த தூரத்தில் நிற்கும். ஆனால் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் ஒரு பக்கம் கூடக்குறைய இருந்தால் அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிடும். 

ஸ்டியரிங்கும் அடிப்பகுதியும்

ஆச்சரியமாக, நவீனமான ஸ்டியரிங் அம்பாசிடரில்தான் இருக்கிறது: ரேக் அண்ட் பினியன். ஃபியட்டில் வார்ம் அண்ட் ரோலர் பெட்டி. அப்படியிருந்தும் சந்தில் திருப்ப ஃபியட்தான் லேசு. முன்பக்க எடை குறைவு, வீல்பேஸ் 2,340 மி.மீ.; அம்பாசிடருக்கு 2,464. அகலத்தில் ஃபியட் 1.46 மீட்டர், அம்பாசிடர் அதைவிட 20 செ.மீ. அதிகம். பழைய தெருவில் எதிரே ஆட்டோ வந்தால் இந்த 20 செ.மீ. என்னவென்று புரியும்.

நேர்ச்சாலையில் ஃபியட்டின் ஸ்டியரிங் இரண்டு அங்குலம் சும்மா ஆடினால், உடனே பெட்டியின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கும் மெக்கானிக்கை நிறுத்துங்கள். ஆட்டம் பெரும்பாலும் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னிலும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு முனைகளிலும் இருக்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்தும் ஆடினால் கிங்பின் புஷ். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பெட்டியை இறுக்கினால் ஆட்டம் போனதுபோல் தோன்றும். ஆனால் முழுதாக ஒடித்துத் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேராகாது, உள்ளே வார்மும் வெட்டுப்பட்டுவிடும்.

அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பார். கம்பிச் சுருள் இல்லை. நீளமான எஃகுத் தண்டு முறுகி நிமிர்வதுதான் ஸ்பிரிங் வேலை செய்கிறது. குண்டுகுழிச் சாலையில் இந்த வண்டி பல்லக்கு மாதிரி போவதாகச் சொல்வார்கள். அது பின் சீட்டில் இருப்பவர் சொல்வது. ஓட்டுகிறவருக்கு வளைவில் வண்டி சாய்வதும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மேட்டில் ஒரு தூக்குத் தூக்குவதும் நன்றாகத் தெரியும். முன்னால் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். தண்டின் பின்முனையில் உள்ள பல்லை ஒன்றிரண்டு நகர்த்தி உயரத்தைச் சரிசெய்யலாம். பயப்பட வேண்டியது டிரன்னியனுக்கு. சக்கரத்தைத் தாங்கும் ஆணியும் (பின்), அதைப் பிடித்திருக்கும் டிரன்னியனும் மரையில் பொருந்தியவை. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். 1,500 கி.மீ.க்கு ஒருமுறை, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில், புதுக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை கன் அடிக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் சக்கரம் தரையில் இருக்கும்போதே நாலு அடி அடித்துவிட்டு அனுப்புவார்கள். அது உள்ளே போவதில்லை.

ஃபியட்டில் 50-60 வேகத்தில் தரைக்கு அடியில் ஒரு அதிர்வு வந்தால், வீல் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் ரப்பரைப் பாருங்கள். அது பிளந்திருக்கும்.

இரண்டிலும் ஸ்டியரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியர்தான், நாலு கியர். ஓடும்போதே கியர்ப் பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்கு இரண்டிலும் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் பல் அரைபடும். ஃபியட்டின் கியர் மாற்றம் சுத்தம். அம்பாசிடரில் லிங்கேஜ் புஷ்கள் தேய்ந்ததும் முதல் கியருக்கும் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் வியாதி பிரசித்தம். பானட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள இரண்டு லீவர்களையும் கையால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் விடுபடும். சிக்னலில் டிரைவர் இறங்கி பானட்டைத் தூக்கும் அந்தக் காட்சி அந்தக் காலத்தில் சகஜம். நைலான் புஷ் செட் மலிவு. மாற்றிவிட்டால் வருடக்கணக்கில் தொல்லையில்லை.

எஞ்சினில் எது எங்கே போகும்

வாங்குகிறவர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஃபியட்டில் சிலிண்டர்கள் உள்ள பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். இந்த ஒரு விஷயத்திலிருந்தே அதன் பாதி நோய்கள் வருகின்றன. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால், ஹெட்டில் தண்ணீர் போகும் துவாரங்களின் ஓரம் அரித்துத் தின்னப்பட்டு, கேஸ்கெட் பிடிக்க இடமில்லாமல் போகும். ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடும். பார்க்க வேண்டியவை: எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல வெள்ளைப் பிசின் ஒட்டியிருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்து எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் இருக்கிறதா. ஹெட்டைக் கழற்றினால் இரும்பு ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் உள்ளே போனால் லேத்தில் ஃபேஸிங், அதாவது செதுக்கிச் சமன்படுத்த வேண்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஃபேஸிங் போட்ட ஹெட் மெலிந்து கம்ப்ரஷன் ஏறியிருக்கும். அதை மறுபடி செதுக்குவதைவிட வேறு ஹெட் தேடுவது நல்லது. கடைசியில் பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அம்பாசிடரின் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூட்டைத் தாங்கும். அதற்கு வேறு பிரச்சினை. வால்வு சீட் தனியாக இல்லை, ஹெட் இரும்பிலேயே வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தையாக இருந்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நின்றதிலிருந்து எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைக் குழித்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது. அறிகுறி சத்தம் அல்ல, சத்தம் குறைவது. 0.38 மி.மீ. இருக்க வேண்டிய டாப்பெட் இடைவெளி (வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் இடம்) ஒவ்வொரு சர்வீஸிலும் குறுகிவந்தால், வால்வு முழுதாக மூடாமல் எரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். எப்போது ஹெட்டைக் கழற்றினாலும் எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் இன்செர்ட் போடச் சொல்லிவிடுங்கள். நடு இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் போர்ட் ஒன்றே என்பதால் சூடு அங்கேதான் குவியும். ஃபியட்டின் அலுமினிய ஹெட்டில் ஆரம்பத்திலிருந்தே தனி சீட் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அம்பாசிடருக்குக் கீழே எண்ணெய்ச் சொட்டு இருந்தால் விலையைக் குறைக்கப் பயன்படுத்தலாம், வண்டியை நிராகரிக்க வேண்டாம். கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரைதான். பெல் ஹவுசிங்கில் நாலு சொட்டு சகஜம். உண்மையைச் சொல்வது ஆயில் பிரஷர். அரை மணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். 50 கி.மீ. வேகத்தில் 50 பி.எஸ்.ஐ. இருந்தால் அருமை, 40 பரவாயில்லை, 25-க்குக் கீழே என்றால் கிராங்க் கிரைண்டிங் செலவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். குளிர்ந்த எஞ்சினில் காட்டும் பிரஷரை நம்பாதீர்கள்; விற்கிறவர் அதைத்தான் காட்டுவார்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டையும் சமமாகவே படுத்துகிறது. பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பிளக்கும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் விறைக்கும், ஒரு மாதம் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து துரு கிளம்பும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயஃப்ரம், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி ஃபில்டர் ஆகியவை கட்டாயம். கலவை மெலிவதால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் தயங்கும். எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள அம்பாசிடரில் அடியில் இருக்கும் ஜெட் நட்டை அதன் ஆறு பட்டைகளில் ஒன்றோ இரண்டோ அளவுக்குத் திருகிக் கீழே இறக்கினால் சரியாகிவிடும். அதற்கு முன் கார்புரேட்டரின் மேலே உள்ள டாஷ்பாட் என்ற சின்ன எண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். பல வண்டியில் தயக்கத்துக்குக் காரணம் அது காய்ந்து கிடப்பதுதான். சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால் மெயின் ஜெட்டையே ஒரு அளவு பெரிதாக மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்று வண்டி அணைந்து மறுபடி பிடிக்காவிட்டால், செல்ஃபை அடித்து பேட்டரியைக் கொல்லாதீர்கள். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்; குழாயில் ஆவியான பெட்ரோல் திரும்பித் திரவமாகும்.

வீட்டுக்கு எது

இடத்தில் போட்டியே இல்லை. அம்பாசிடரின் பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். சீட் உயரம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். வயதான அம்மா அப்பாவை அழைத்துப்போக வாங்குகிறவர்கள் இதற்காக மட்டுமே அம்பாசிடரைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. ஃபியட் நாலு பேருக்கான கார். ஐந்தாவது ஆள் ஏறினால் நடுவில் இருப்பவருக்குத்தான் கஷ்டம்.

மைலேஜ்: நல்ல டியூனிங்கில் அம்பாசிடர் லிட்டருக்கு 9, 10. ஃபியட் 13, நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம். டேங்க் அம்பாசிடரில் 54 லிட்டர், ஃபியட்டில் 38. ஆக, ஒரு டேங்குக்கு இரண்டும் ஏறக்குறைய 500 கி.மீ.தான்; பில் மட்டும் வேறு.

சாமான் கிடைப்பதில் அம்பாசிடர் முன்னே நிற்கிறது. 2014 வரை தயாரானதும், லட்சக்கணக்கில் டாக்சியாக ஓடியதும் காரணம். கேஸ்கெட் செட், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகவே கிடைக்கும். ஃபியட்டுக்கும் ஓடும் சாமான்கள் கிடைக்கின்றன. கிடைக்காதது வெளித்தோற்றச் சாமான்: கிரில், பீடிங், டெயில் லேம்ப் கண்ணாடி, கதவுக் கைப்பிடி. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படலாம், ஆனால் பழசுதான். ஆகவே ஃபியட் வாங்கும்போது எஞ்சின் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரோம் சாமான் முழுதாக உள்ள வண்டியாகப் பாருங்கள். எஞ்சினைக் கட்டிவிடலாம்.

டின்கரிங் (தகடு வேலை) செலவு இரண்டிலும் எஞ்சின் செலவைத் தாண்டும். இரண்டுமே தனி சேஸிஸ் இல்லாத உடம்பு. தரைத்தகடும் பக்கவாட்டுப் பெட்டிகளும்தான் எலும்பு. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடி, வீல் ஆர்ச், பக்கவாட்டு சில் ஆகியவற்றில் ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அம்பாசிடரில் மிதியடியைத் தூக்கித் தரையையும், அடியில் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஃபியட்டில் முன்கதவை முழுதாகத் திறந்து கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தேய்மானம் என்றால் கதவு மட்டும் ஏறும். தூணே சேர்ந்து அசைந்தால் அங்கே உள்ளே துரு தின்றிருக்கிறது, விட்டுவிட்டு வாருங்கள்.

தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர், ஓட்டுவதில் ருசி உள்ளவர் என்றால் என் ஓட்டு ஃபியட்டுக்கு. குடும்பத்தோடு போக, எந்த ஊரில் நின்றாலும் சரிசெய்ய ஆள் கிடைக்க வேண்டும் என்றால் அம்பாசிடர். தினமும் ஏ.சி.யோடு ஓட்ட வேண்டுமானால் 1489-ஐயும் ஃபியட்டையும் மறந்துவிட்டு, தொண்ணூறுகளில் வந்த இசுசு 1817 சி.சி. எஞ்சின் அம்பாசிடரைப் பாருங்கள்: 75 பி.எச்.பி., ஐந்து கியர். பழைய கார் ரசிகர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்து எஞ்சின் எண்ணை நீங்களே படியுங்கள். வேறு வண்டியின் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டி, பிறகு கிடைத்த பெட்ரோல் எஞ்சினை மறுபடி மாட்டிய அம்பாசிடர்கள் ஏராளம். எண் பொருந்தாவிட்டால் பதிவைப் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள். 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரி தனி. வண்டிக்கு 50 வயது ஆகிவிட்டால் 2021 விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம் என்று புரோக்கர் ஆசை காட்டுவார். 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும் என்பதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட வாங்குகிறவர் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்க வேண்டும்.